நாயின் வம்சாவளியும் கொக்கின் காலும்

முப்பத்தாறு வருடம் வருவாய்த் துறையில் இருந்தேன். அதில் பாதிக் காலம் ஜனங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பங்களைப் படித்தேன். மீதிக் காலம் அவற்றைத் திருப்பி அனுப்பினேன். 'விண்ணப்பதாரருக்கும் தங்களுக்கும் உள்ள உறவு' என்ற கலத்தில் 'பேச்சுவார்த்தை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் திருப்பி அனுப்பினேன். அன்று முதல் எனக்கு ஒரு விரதம். ஒரு கலத்தின் தலைப்பில் உள்ள சொல் என்ன, அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் அந்தக் கலத்தில் ஒரு எழுத்தும் எழுத மாட்டேன். ஓய்வு பெற்ற பிறகு இந்த விரதத்தைக் காப்பாற்றுவது சுலபமாகிவிட்டது. என்னை யாரும் எதையும் நிரப்பச் சொல்வதில்லை.

போன வருடம் பக்கத்து வீட்டு மேஸ்திரி ஒரு விண்ணப்பத்தோடு வந்து நின்றார்.

மேஸ்திரி என்பது அவர் மில்லில் பார்த்த வேலை. மில் மூடி வெகு காலம் ஆகிறது, பட்டம் மட்டும் இன்னும் மூடவில்லை. மனைவி இறந்து ஐந்து வருடம். மனைவி போன மறு வருடம் கடலோரத்தில் உள்ள குருசுக்குப்பத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தார். அது வளர்ந்து செம்பழுப்பு நிறத்தில், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும், எந்தப் படத்திலும் இல்லாத ஒரு நாயாக ஆனது. அதற்குப் பெயர் உண்டு. அதன் ஒப்புதலைப் பெறவில்லை என்பதால் இங்கே எழுதவில்லை.

அவர் குடியிருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் சுற்றுலாக்காரர்கள் தங்கும் ஹோம் ஸ்டே ஆக்கப்போகிறார். ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு மஞ்சள் சுண்ணாம்பு அடித்து, வாசலில் பிரெஞ்சில் ஒரு பலகை மாட்டினால், அதற்குள் இருந்தவர்கள் வெளியே போக வேண்டும் என்று அர்த்தம். மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். மேஸ்திரிக்கு ஒரே மகள். சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. ஊருக்குள் இருபத்து நான்கு வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறாள். அப்பாவை அங்கே வரச் சொல்லி இரண்டு வருடமாகக் கெஞ்சுகிறாள். காரணம் இருந்தது. சர்க்கரை இறங்கி ஒருநாள் அவர் சமையல்கட்டில் மயங்கி விழுந்துவிட்டார். விசுவாசமுள்ள நாய் குரைத்து ஊரைக் கூட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் வைத்த பால் பொங்கிக் கருகும் வாசனை வந்து நான்தான் போய்ப் பார்த்தேன்.

"அப்ப மகள் வீட்டுக்குப் போறதுல என்ன பிரச்சனை?" என்று கேட்டேன்.

"இது தான் சார்" என்று காகிதத்தை நீட்டினார். "இத்த நிரப்பிக் குடுத்தா தான் நாய உள்ள உடுவாங்களாம். அது வரலன்னா நானும் வரலன்னுட்டேன். எங்கியாவது ஒரு ரூம் பாத்துக்கறேன்."

"மயக்கம் போட்டா யார் பாக்கறது?"

"அது இருக்குதே."

நாய் என் செருப்பை மோந்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டது.

குடியிருப்போர் சங்கத்தின் விண்ணப்பம், ஆங்கிலத்தில். நல்ல தாள், நேரான கட்டங்கள். இவ்வளவு ஒழுங்கான விண்ணப்பத்தைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. முதல் ஆறு கலங்களில் சிக்கல் இல்லை. ஏழாவது கலத்தில் ஒரே சொல்: பெடிக்ரீ. அடியில், ஆதாரம் இணைக்கவும். பின்பக்கத்தில் ஒரு விதி, பெடிக்ரீ இல்லாத நாய்களுக்கு அனுமதி இல்லை.

இப்படி ஒரு விதி செல்லாது என்பது எனக்குத் தெரியும். வளர்ப்புப் பிராணிகளை இனம் பார்த்துத் தடுக்கச் சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்று சுற்றறிக்கை இருக்கிறது. மகளுக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"அங்கிள், சர்க்குலர்லாம் வேணாம்" என்றாள். "நீங்க ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நான் தினம் லிஃப்ட்ல அவங்க மூஞ்சியப் பாக்கணும். அவங்க கேட்டத அப்படியே குடுத்துடுங்க. எப்படியாவது அப்பாவ மேல ஏத்தி உட்டா போதும்."

கேட்டதை அப்படியே கொடுப்பது. இதைவிட இனிமையான ஒரு உத்தரவு எனக்கு முப்பத்தாறு வருடத்தில் வந்ததில்லை. ஆனால் அதற்கு முதலில் அவர்கள் கேட்டது என்ன என்று தெரிய வேண்டும்.

என்னிடம் ஒரு பெரிய ஆங்கில அகராதி இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் எல்லோருக்கும் சால்வை போடுவார்கள். எனக்கு, என்னைத் தெரிந்தவர்கள் என்பதால், அகராதி கொடுத்தார்கள். அதைத் திறந்து பார்த்தேன். நல்ல இரத்தம், உயர்ந்த குடி, சுத்தமான இனம் என்று ஏதோ வரப்போகிறது என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரு பறவை.

இங்கிலாந்தைப் பிடித்து ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் வம்சாவளிப் படம் வரையும்போது தகப்பன் பெயரை மேலே எழுதி, அதிலிருந்து மூன்று கோடுகளைக் கீழே விரித்து, ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதுவார்களாம். அந்தக் கோடுகளைப் பார்த்தால் ஈர மணலில் கொக்கு மிதித்துவிட்டுப் போன தடம் மாதிரி இருக்கும். ஆகவே அதற்குப் பெயர் 'பியே த க்ரூ', கொக்கின் கால். அதை ஆங்கிலேயர்கள் வாயில் போட்டு இருநூறு முந்நூறு வருடம் மென்று, பெடிக்ரீ என்று துப்பினார்கள். பிறகு பிரெஞ்சுக்காரர்களே அது தங்கள் வீட்டுச் சொல் என்று தெரியாமல் இங்கிலீஷிலிருந்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள், நாய்க்காகவும் குதிரைக்காகவும். கொக்காகக் கடலைத் தாண்டிப் போனது, நாயாகத் திரும்பி வந்தது. இந்த மாதிரி முகவரி மாற்றத்தை எங்கள் ஆபீஸில் யாரும் அனுமதித்திருக்க மாட்டோம்.

ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்தேன். மேலே ஒரு பெயர், கீழே மூன்று கோடு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாரிசுச் சான்றிதழுக்கான விசாரணை அறிக்கையில் முப்பத்தாறு வருடம் நான் வரைந்த படம் இது. தெரியாமலேயே ஆயிரக்கணக்கான கொக்குக் கால்கள் வரைந்திருக்கிறேன்.

ஒரே ஆதாரத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அந்தப் பிரெஞ்சுச் சொற்களுக்கு மூலமான லத்தீனைச் சரிபார்க்க வேண்டும். எங்கள் ஊரில் லத்தீன் தெரிந்தவர்கள் இப்போது ஏறக்குறைய யாரும் இல்லை. ஓய்வு பெற்ற ஒரு பாதிரியார் மட்டும் இருக்கிறார், வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காதில் கருவி. பிரெஞ்சுக் குடியுரிமைக்காகப் பாட்டன் பூட்டன் பிறந்த கதையைத் தேடி அவரிடம் வருகிறவர்கள் ஏராளம். நானும் அதற்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"ஞானஸ்நானப் பதிவு தானே? இப்ப என் கையில இல்ல, ஆபீஸ்ல கேக்கணும். யாருக்கு? தாத்தாவுக்கா?"

"நாய்க்கு, ஃபாதர்."

அவர் கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார். "யாருக்கு?"

"நாய்க்கு."

"கத்தோலிக்க நாயா?"

"விசாரிக்கல, ஃபாதர். எனக்குப் பதிவு வேணாம். ரெண்டு வார்த்தை வேணும்." என் காகிதத்தைக் காட்டினேன்.

அவர் முகம் மாறியது. அறுபது வருடத்துக்கு முன்னால் குருமடத்தில் பிரம்படி வாங்கிப் படித்ததை ஒருவர் வந்து கேட்டது அவருக்குச் சந்தோஷம். "பெஸ், பெதிஸ். கால், காலினுடைய. க்ரூஸ், க்ரூயிஸ். கொக்கு. இல்ல, கொக்குன்னு சொல்ல முடியாது. நாரை. கொஞ்சம் பெருசு, கழுத்து நீளம்." பிறகு கவலையோடு கேட்டார், "நாய்க்கு இது எந்தக் கால்ல வருது?"

"ஏழாவது கலத்துல, ஃபாதர்."

"ஆண்டவர் ஆசீர்வதிப்பார்" என்றார்.

கொக்கா நாரையா என்பதில் எனக்கும் அவருக்கும் அரை மணி நேரம் போனது. தடத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று நான் வாதாடினேன். பறவையை வைத்துத்தான் பார்க்க வேண்டும், தடத்தை வைத்து அல்ல என்றார் அவர். கொக்கு என்றே இங்கே எழுதியிருக்கிறேன். அவரது மாற்றுக் கருத்தையும் பதிவு செய்திருக்கிறேன்.

ஆக, ஏழாவது கலம் கேட்பது இரத்தத்தை அல்ல, ஒரு படத்தை. யாருக்கு யார் பிறந்தார்கள் என்று ஆதாரத்தோடு வரைந்து காட்ட முடிந்தால் போதும். அதை வரைய இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. மறுநாள் காலை மேஸ்திரியையும் நாயையும் ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கள விசாரணைக்குக் கிளம்பினேன். தோளில் பை, பையில் தாள், ஸ்டாம்ப் பேட், அளவுகோல்.

"நாய்க்கு வாரிசு சர்டிபிகேட் எழுதப் போறாரு" என்று என் மனைவி எதிர்வீட்டுக்காரியிடம் சொல்வது கேட்டது. "நம்ம பையனுக்கு ஒரு இருப்பிடச் சான்று சீக்கிரம் வாங்கிக் குடுங்கன்னப்ப, வரிசைல நிக்கச் சொன்ன மனுஷன்."

வரிசையில் நிற்கச் சொன்னது உண்மைதான். அவனும் நின்றான், வாங்கினான்.

குருசுக்குப்பத்தில் படகுகளுக்கு நடுவே வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள்தான் தாய் நாய்க்குச் சோறு போடுகிறவர். காலையில் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டுப் பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வந்துவிடுவார். மேஸ்திரியை அடையாளம் தெரிந்துகொண்டார். நாயையும் தெரிந்துகொண்டார். நாய்தான் தன் தாயைத் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு ஃபைபர் போட்டின் நிழலில் படுத்திருந்த பெரிய செம்பழுப்பு நாயைப் பார்த்து உறுமியது. தாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"உங்க வாக்குமூலம் வேணும்மா" என்றேன்.

"எதுக்கு? கடிச்சிடுச்சா?"

"இல்ல. இந்த நாய் உங்க நாய்க்குப் பொறந்ததுன்னு எழுதிக்கணும்."

அந்த அம்மாள் மேஸ்திரியைப் பார்த்தார். "இவரு யாரு?"

"பெரிய ஆபீஸர். ரிடையர் ஆயிட்டாரு."

"அதான்" என்றார். "சரி, எழுதிக்கோ. மழ நாளு. இதே போட்டு அடியில அஞ்சு குட்டி. ஒண்ணு செத்துப் போச்சி. ஒண்ண இவரு எடுத்துகினு போனாரு. ஒண்ணு ஐஸ் வண்டிக்காரன் வூட்ல. ஒண்ணு கோயில் கேட்டாண்ட படுத்துகினு இருக்கும். ஒண்ணு எங்க போச்சின்னு தெரியல."

"தாயோட தாய்?"

"எங்க மாமியா சோறு போட்டு வளத்தது. அதுவும் இதே கலரு தான். மாமியாவும் போச்சி, அதுவும் போச்சி."

"தகப்பன்?"

வலையைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். "அத்த நான் கேக்கல. அதுவும் சொல்லல."

இரண்டு தாளில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். அங்கேயே படகின் மேல் தாளை வைத்து வம்சாவளி வரைந்தேன். பாட்டி, அதன் கீழ் தாய், அதன் கீழ் ஐந்து கோடு. கொக்குக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. ஐந்தாவது விரலுக்கு என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தேன். இறந்த குட்டிக்கு எங்கள் வழக்கப்படி கோட்டின் நுனியில் சிலுவைக்குறி போட்டேன். மேஸ்திரி அந்தப் படத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இத்தினி பேரு சொந்தம் இருக்குதா?" என்றார். "எனக்கு வரைஞ்சா ஒரு கோடு தான் சார் வரும்."

மகளை அந்த ஒரு கோட்டில் எழுதலாம் என்று மட்டும் சொன்னேன்.

பிறகு ஒரு தவறு செய்தேன். வழக்கத்தில் செய்துவிட்டேன். வாரிசு விசாரணை என்றால் ஆட்சேபணை கேட்டு ஒரு அறிவிப்பு ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 'கீழ்க்கண்ட நாயின் பிறப்பு, தாய், உடன்பிறப்புகள் குறித்து உரிமை கோருவோர் அல்லது ஆட்சேபணை உள்ளோர் ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கவும்' என்று டைப் அடித்து, என் கைப்பேசி எண்ணைப் போட்டு, குப்பத்து டீக்கடையிலும் மின்கம்பத்திலும் ஒட்டினேன். வழக்கமாகப் பதினைந்து நாள். அவசரம் கருதி ஏழு.

அலுவலகத்தில் இருந்தவரை ஒரு அறிவிப்புக்கு இரண்டு மூன்று பேர் வந்தாலே அதிகம். இதற்கு முதல் நாளே ஒன்பது அழைப்புகள். ஒருவர் நாய் எப்போது இறந்தது என்று துக்கம் விசாரித்தார். ஒருவர் சொத்து எவ்வளவு என்று கேட்டார். சொத்து இல்லை என்றதும், "அப்புறம் எதுக்குய்யா நோட்டீஸ் ஒட்டின?" என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். மூன்றாம் நாள் டீக்கடைக்காரர் நேரில் வந்தார். எங்கள் தெருவை எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

"அப்பன் யாருன்னு எழுதலியாமே?" என்றார். "எங்க கறுப்பு தான் அப்பன். ஊருக்கே தெரியும். எழுதிக்கங்க."

"சாட்சி இருக்கா?"

"நானே பாத்தேன்."

அவர் போன மறு மணி நேரத்தில் ஐஸ் வண்டிக்காரர் ஃபோன் செய்தார். அப்பன் தன் வீட்டு வெள்ளை நாய் என்றும், டீக்கடைக்காரரின் கறுப்பு அப்போது பிறக்கவே இல்லை என்றும் சொன்னார். இரண்டு பேரின் வாக்குமூலமும் எழுதி வாங்கினேன். தகப்பன் கட்டத்தில் 'உரிமை கோருவோர் இருவர். விசாரணை நிலுவையில்' என்று எழுதினேன். வேறு என்ன எழுத முடியும்?

கடைசி ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் கமிட்டி கூடியது. கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செயலாளர் பிரான்ஸ் ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எழுபது வயது, இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஒரு கயிற்றில் மூக்குக் கண்ணாடி. எல்லோரும் அவரைப் பிரெஞ்சு வழக்கப்படி, ஐயா என்பதற்கு, முசியே என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் என் கோப்பை வாங்கி, பக்கங்களை எண்ணி, பதினான்கு என்று மேலே எழுதிவிட்டுத்தான் படிக்க ஆரம்பித்தார். பக்கம் எண்ணிவிட்டுப் படிக்கிற ஒரு மனிதரை நான் ஓய்வு பெற்ற பிறகு முதல்முறையாகப் பார்த்தேன்.

மேஸ்திரி என் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மகள் தூணோரம் நின்றிருந்தாள். நாயை வீட்டிலேயே கட்டிவிட்டு வந்திருந்தோம். சம்பந்தப்பட்டவர் விசாரணையில் இருக்கக்கூடாது.

செயலாளர் முதல் பக்கத்தில் நின்றார். அதில் நான் சொல்லின் வரலாற்றை எழுதியிருந்தேன். "கொக்கின் கால். சரி தான்" என்றார். "பிரெஞ்சில இன்னொன்னும் சொல்லுவாங்க, தெரியுமா? கொக்குக் கால் போடறதுன்னா ஒரு எடத்துல நின்னுகினே காத்துக் கெடக்கறது."

"அத இந்த ஊர்ல எல்லாருமே செஞ்சிருக்கோம், முசியே" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. வாக்குமூலப் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் போட்டார். மீன்காரம்மாளின் வாக்குமூலத்தை நான் பழைய பாணியில் எழுதியிருந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் பிறப்பைப் பதியாதவர்களுக்குச் சாட்சிகளை வைத்துப் பிறப்பை நிறுவும் வழக்கம் இருந்தது. 'இன்னார் இன்னாருக்குப் பிறந்தவர் என்பதை யாம் நேரில் அறிவோம், ஊரும் அறியும்' என்று ஆரம்பிக்கும். பழைய கோப்புகளில் பார்த்து எனக்கு மனப்பாடம்.

"இந்த வாசகம் எங்க புடிச்சீங்க?"

"ரெக்கார்டு ரூம்ல. மக்கிப்போன கட்டுல."

"எங்க அப்பாவுக்கும் இது தான்" என்றார். "அவரு பொறந்தப்ப எழுதி வெக்கல. பட்டாளத்துல சேரணும்னா பொறந்த சீட்டு கேட்டாங்க. பக்கத்து வூட்டுக்காரங்க ரெண்டு பேரு போயி சொன்னாங்க. இவன் இன்னாருக்குப் பொறந்தவன், நாங்க பாத்தோம்னு. அந்தச் சீட்டுல தான் அவரு போனாரு. அவரு போனதால நான் போனேன்."

கமிட்டியில் இருந்த இளைஞர் ஒருவர், அவசரமாகக் கிரிக்கெட் பார்க்கப் போக வேண்டியவர், "அப்ப அலோ பண்ணிடலாமா முசியே?" என்றார்.

"அதெப்படி?" என்றார் செயலாளர். "சாட்சிய நான் நேர்ல பாக்கல."

மகள் என்னைப் பார்த்தாள். எல்லாவற்றையும் நான் கெடுத்துவிட்டேன் என்று அந்தப் பார்வை சொன்னது. வெறுமனே நாட்டு நாய் என்று எழுதிக் கெஞ்சியிருந்தால்கூட விட்டிருப்பார்கள் என்று அவள் நினைத்திருக்கலாம். மாதக் கடைசிக்கு ஆறு நாள். மேஸ்திரி எழுந்து, "பரவால்ல சார், நான் ரூமே பாத்துக்கறேன்" என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு மட்டும் நம்பிக்கை வந்திருந்தது. சாட்சியை நேரில் பார்க்க வேண்டும் என்கிற மனிதர் கோப்பைத் தூக்கிப் போட மாட்டார். கோப்பைத் தூக்கிப் போட நினைக்கிறவர்கள் 'பார்க்கலாம்' என்பார்கள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மறு கள ஆய்வு. செயலாளர் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். அம்மாள் அதே இடத்தில் அதே வலையோடு இருந்தார்.

"நேத்து ஒரு ஆபீஸரு. இன்னிக்கு ரெண்டா?" என்றார்.

"நேத்து இல்லம்மா, போன வாரம்" என்று நான் திருத்தினேன்.

செயலாளர் எல்லாக் கேள்வியையும் மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். எந்த மழை, எந்தப் படகு, எத்தனை குட்டி. அம்மாள் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். தாய் நாயைக் காட்டச் சொன்னார். தாய் அன்றைக்கு எழுந்தே வந்து அவர் தொப்பியின் நிழலில் படுத்துக்கொண்டது. தகப்பன் பற்றிக் கேட்டபோது டீக்கடைக்காரரும் ஐஸ் வண்டிக்காரரும் எங்கிருந்தோ வந்துவிட்டார்கள். கறுப்பா வெள்ளையா என்று அவர்களுக்குள் சண்டை முற்றியது.

"செம்பழுப்பு நாய் கறுப்புக்கு எப்பிட்றா பொறக்கும்?"

"அப்ப வெள்ளைக்கு மட்டும் பொறக்குமா? சுண்ணாம்பு அடிச்சியா?"

அம்மாள் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு எங்களிடம் திரும்பினார். "ஒரு நாய் ஒரு வூட்ல இருக்கறதுக்கு ரெண்டு பேரு, ரெண்டு வாட்டி, வெயில்ல வந்து கேக்கறீங்க. எங்க வூட்டுக்குப் பட்டா கேட்டு நான் எத்தினி நாள் ஆபீஸ்ல நின்னிருக்கேன். ஒருத்தன் வந்து எட்டிப் பாக்கல."

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் அந்தப் பட்டாப் பிரிவில் நான்கு வருடம் இருந்திருக்கிறேன். தாய் நாயைப் பார்த்தேன். அது என்னைக் காப்பாற்ற எந்த முயற்சியும் எடுக்கவில்லை.

"மனு நகல் இருக்காம்மா?" என்றேன்.

"இருக்குது. கரையான் தின்னது போக."

"எடுத்து வையுங்க. வியாழக்கிழமை வர்றேன்." அது வேறு கோப்பு. இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆட்டோவில் திரும்பினோம். பாதி வழியில் செயலாளர், "தகப்பன் விஷயம் முடியற வரைக்கும் நிரந்தரமா குடுக்க முடியாது" என்றார்.

"முடியாது தான்" என்றேன். நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன்.

"தற்காலிகமா குடுக்கலாம்."

"ஆறு மாசம்?"

"ஆறு மாசம். புதுப்பிச்சிக்கலாம்."

எத்தனை முறை என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவுமில்லை. தற்காலிகம் என்பதைப் போல நீண்ட காலம் நிற்கும் ஏற்பாடு அரசாங்கத்தில் வேறு எதுவும் கிடையாது. நான் வேலையில் சேர்ந்த நாளில் தற்காலிகமாகப் போட்ட ஒரு தகரக் கூரையின் கீழிருந்துதான் ஓய்வு பெற்றேன். ஏழாவது கலத்தில் செயலாளர் தன் கையால் எழுதினார், 'உண்டு. தாய் வழியில் சாட்சிகளால் நிறுவப்பட்டது. தகப்பன் வழி நிலுவையில்.' சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்பை இரண்டு இடத்தில் குத்தினார். ஒன்று கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்று இன்னொன்றும் குத்தினார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு மேஸ்திரி குடிபோனார். ஒரு கட்டில், இரண்டு பெட்டி, ஒரு மிக்சி, ஒரு நாய். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றாள். அப்பாவின் மாத்திரைப் பையை முதலில் வாங்கிக்கொண்டாள், பிறகுதான் நாயின் கயிற்றை. என்னிடம், "தேங்க்ஸ் அங்கிள், சர்க்குலராவே போயிருக்கலாம், இதவிட சீக்கிரமா முடிஞ்சிருக்கும்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்ததால் ஆட்சேபணையாகக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை.

இதுவரை இரண்டு முறை புதுப்பித்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் நான் போகிறேன். செயலாளர் கோப்பை எடுக்கிறார், பக்கம் எண்ணுகிறார். இப்போது அறுபத்தொன்று. தகப்பன் பற்றிப் புதுத் தகவல் ஏதாவது உண்டா என்று கேட்கிறார். கறுப்புத் தரப்பு ஒரு புகைப்படம் தாக்கல் செய்திருப்பதையும், அது வேறு நாயின் படம் என்று வெள்ளைத் தரப்பு ஆட்சேபித்திருப்பதையும் சொல்கிறேன். அவர் மகிழ்ச்சியோடு தலையசைத்து விசாரணையை ஒத்திவைக்கிறார். மேஸ்திரிக்குப் போன மாதம் ஒருமுறை சர்க்கரை இறங்கியது. மகள் வீட்டில் இருந்தாள். வாயில் சர்க்கரையைப் போட்டு, ஐந்து நிமிடத்தில் உட்கார வைத்துவிட்டாள். நாய் அப்போதும் தூங்கிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

கடைசியாகப் புதுப்பித்தபோது செயலாளர் படிவத்தில் ஒரு புதுக் கலம் சேர்த்திருந்தார். பேனாவைத் திறந்து, மேஸ்திரியை நிமிர்ந்து பார்த்து, முறைப்படி கேட்டார்.

"மேற்படி பிராணி இப்பவும் இதே விலாசத்துல தான் வசிக்குதா?"

மேற்படி பிராணி மேசைக்கு அடியில் செயலாளரின் செருப்பின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

"இருங்க முசியே" என்றார் மேஸ்திரி. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். "ஆமாங்க. இங்க தான் இருக்குது."

செயலாளர் 'ஆம்' என்று எழுதினார். நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன்.